சிவப்பு அம்பு

டாக்டரம்மா மேசைமேல் விரிக்கும் தாளில் நூறு குட்டி மனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். செல்லத்தாய் அதைப் பார்க்கவில்லை. தலையில் கட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புருஷன் பொன்னுச்சாமியைப் பார்க்கிறாள். காலையில் அவள் வேலைக்குப் போனபின் குளியலறையில் வழுக்கி விழுந்தவர். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையால், கட்டை மாற்றிப் போட்டும் சிவப்பு ஊறிக்கொண்டே இருக்கிறது. "அந்த மாத்திரைய நிப்பாட்டிருங்கம்மா," என்கிறாள் மூன்றாம் முறையாக.

"தலைக்குள்ள ரத்தக்கசிவு இல்லீங்கக்கா. ஆனா இவருக்கு இதயத் துடிப்பு சீரா இல்லீங்க, ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போயிரலாமுங்க. இவராட்ட நூறு பேரு மாத்திரைய நிறுத்துனா, வருசத்துல அஞ்சு பேருக்குப் பக்கவாதம் வருதுங்க. சாப்புட்டா ரெண்டு பேருக்குத்தானுங்க." பேனா முனை, சிவப்பு பூசிய இரண்டு உருவங்களைத் தட்டுகிறது.

பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவளுக்கு நூற்றுக்கு இரண்டு புரியாதா? ஓட்டை கண்ட பனியனில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தனியே எறிகிற வேலைதானே. போன் வந்ததும் போட்டது போட்டபடி ஓடிவந்ததில் ஓர் அம்பு இன்னும் கட்டைவிரலிலேயே ஒட்டியிருக்கிறது. அந்த விரலை வரிசை வரிசையாக நகர்த்தித் தேடுகிறாள். எல்லாம் ஒரே அச்சு.

"இதுல எங்க வீட்டுக்காரரு யாரும்மா?"

பேனா நிற்கிறது. "அது யாருக்கும் தெரியாதுங்கக்கா."

"நூறுல ரெண்டு போனா கம்பெனிக்கு ஒண்ணுமில்லம்மா. எனக்கு இருக்கது ஒத்தப் பீஸுல்லா."

அம்பு ஒட்டிய விரலை, எந்த உருவத்தின்மேலும் பட்டுவிடாமல், தூக்கிப் பிடித்துக்கொள்கிறாள்.