தோட்டா இல்லாத தோக்கு

"பாட்டா, இந்தத் தோக்குக்கு இப்ப நம்ம நாட்டுல தோட்டாவே கெடைக்காதாமே. பெறவு எதுக்குத் தேர்தலுக்குத் தேர்தல் சுமந்துட்டு வாறீங்க?"

சப்-இன்ஸ்பெக்டர் ரெனிஷா கேட்டாள். அந்த ஸ்டேஷனுக்கு அவள் மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

பூதப்பாண்டி தாணுமாலயன் பிள்ளை நாற்காலியில் சாயவில்லை. எண்பது கடந்தும் முதுகு நிமிர்ந்தே இருந்தது. மடியில் நீளமான தோல்பெட்டி.

"லைசென்ஸ் உள்ளவன் தேர்தல் வந்தா தோக்கை ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். தோட்டா உண்டா இல்லியாண்ணு சட்டம் கேக்காது."

ஏட்டு மரியஜான் அதற்குள் ரசீது எழுதத் தொடங்கியிருந்தார்.

"அப்படி என்ன தோட்டா அது?"

பிள்ளையின் முகம் மலர்ந்தது.

"நானூத்தி அறுபத்தஞ்சுண்ணு ஒரு குண்டு அளவு. மொதல்ல நானூத்தி அம்பதுதான் இருந்துது. அந்தக் குண்டை எடுத்து நம்ம ஆளுவ பட்டாளத்துத் தோக்குல போட்டுருவானுவண்ணு வெள்ளைக்காரனுக்குப் பயம். இந்தியாவுக்குள்ள வரப்பிடாதுண்ணு தடை போட்டான். வேட்டைப் பைத்தியம் பிடிச்ச தொரைமாரு சும்மா இருப்பானுவளா? கம்பெனிக்காரன் குண்டைக் கொஞ்சம் பெருசாக்கி இதைச் செய்தான். சட்டமும் நின்னுது, வேட்டையும் நடந்துது."

"நல்ல ஆளுவதான்."

"என் நடுவெரலைவிட நீளம் மக்கா. பித்தளை தங்கம் மாதிரி மின்னும். மகாராஜா உத்தரவுல எங்க தாத்தா கீரிப்பாறைக் காட்டுல ஒத்தைக்கொம்பன் ஆனையைச் சாய்ச்சது இதுலதான். பெறவு வெள்ளைக்காரன் போனான். வாங்க ஆளில்லாம தோட்டாவும் நின்னுபோச்சு. கடைசித் தோட்டாவை எங்க அப்பா வெடிச்சாரு. தாத்தா சிதைக்குத் தீ வச்ச அன்னைக்கு, வானத்தைப் பாத்து."

ரெனிஷா ரசீதைத் தன் பக்கம் இழுத்தாள்.

"சரி பாட்டா, பெட்டியைத் தொறங்க. நம்பர் பாக்கணும்."

ஏட்டின் பேனா நின்றது. "நம்பர் பழைய ரசீதுல கெடக்கு மேடம்."

"பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

"எங்க குடும்பத்துச் சொல்லு போதாதா?" என்றார் பிள்ளை.

"போதாது பாட்டா."

அவளே பெட்டியைத் திறந்தாள். பழைய வேட்டியில் சுற்றிய ஒரு கடப்பாரை கிடந்தது.

"தோக்கு எங்க? வித்துட்டீங்களா?" அவள் குரல் மாறியது. "லைசென்ஸ் போவும், கேஸும் வரும். தாத்தா பேரைச் சொல்லிட்டு இந்த வேலைதான் செய்யுதீங்களா?"

பிள்ளை அவளை நேராகப் பார்த்தார். முதுகு வளையவில்லை.

"வித்துட்டேண்ணே எழுது மக்கா. கையெழுத்துப் போட்டுத் தாறேன்."

மரியஜான் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அவரு சொல்ல மாட்டாரு மேடம். முன்ன ஒரு தேர்தலுக்கு ஒப்படைச்ச தோக்கு, இந்த ஸ்டேஷன்ல வச்சுத்தான் காணாமப் போச்சு. தோட்டாவே இல்லாத தோக்கு, எடுத்தவன் அதை வச்சு யாரைச் சுடப்போறான், அதுக்காக ஒரு சின்னப் பையனுக்கு வேலை போவாண்டாம்னு அன்னையிலேருந்து இந்தப் பெட்டியைச் சுமக்காரு. அன்னைக்கு இங்க பாரா நின்னது ஒங்க அப்பா சத்தியராஜ்."