வேகம் போதாத துப்பாக்கி

ஹெலன் டூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, அவள் மீன் வெட்டும் பலகையின்மேல் துப்பாக்கி பிரிந்து கிடந்தது.

நிஜத் துப்பாக்கி இல்லை. குருகிராமில் மூடிப்போன ஒரு பெயிண்ட்பால் மைதானத்திலிருந்து அவள் புருஷன் ரெஜின் வாங்கி வந்தது. வாயு அடைத்த சின்ன உருளையைச் செருகி விசையை இழுத்தால், சாயம் நிரம்பிய உருண்டை பாய்ந்துபோய்ப் பட்ட இடத்தில் உடையும். விளையாட்டுச் சாமான்.

ரெஜின் அதன் வால்வை மடியில் வைத்துத் துலக்கிக்கொண்டிருந்தான்.

துலக்கியது அவளுடைய பல் பிரஷ்ஷால்.

பலகை முழுக்க இரும்புத் தூளும் கிரீஸும். பக்கத்துக் கிண்ணத்தில் சாய உருண்டைகள், தோண்டியெடுத்த மீன் கண்களைப்போல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. காலையில் அவள் தயிர் ஊற்றி வைத்த கிண்ணம் அது.

விமான நிலையத்தில் காற்றழுத்தக் குழாய்களைப் பழுதுபார்க்கும் வேலை ரெஜினுக்கு. முந்தாநாளிலிருந்து வேறு பேச்சே இல்லை. வேகம் பத்தவில்லை, ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும், காற்று வரும் வழியைக் கொஞ்சம் ராவிவிட வேண்டும். சாப்பிடும்போதும் அதுதான்.

எல்லாம் நாய்களுக்காக என்று ஹெலனுக்குத் தெரியும்.

டெல்லி துவாரகாவில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி சொசைட்டியின் பின் கேட்டில் தெருநாய்கள் கூட்டமாகத் திரிகின்றன. கீழ்வீட்டு அருக்காணி அக்கா சாயங்காலமானால் அவற்றுக்குச் சோறு வைப்பார். ஐம்பதைத் தாண்டியவர், சென்ட்ரல் கவர்மெண்ட் ஆபீஸில் வேலை, தனிக்கட்டை. யார் ஹிந்தியில் கத்தினாலும் ஈரோட்டுத் தமிழில் பதில் சொல்லிவிட்டுச் சோறு வைப்பார்.

போன மாதம் ஒரு நாய் துரத்தியதில் ரெஜின் பைக்கோடு விழுந்தான். நாய்ப் பிரச்சினையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அன்று சொசைட்டி வாட்ஸ்அப்பில் எழுதினான். கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. இந்த ஊரில் அவனுக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது.

வால்வைப் பூட்டி முடித்தான். அவள் பொரியலுக்கு வாங்கி வைத்திருந்த பப்பாளிக்காயைப் பின் கேட்டைப் பார்த்த பால்கனிக் கொடியில் கட்டித் தொங்கவிட்டுச் சுட்டான்.

சத்தம் பெரிதாக இல்லை. யாரோ காறித் துப்பியதுபோல் இருந்தது.

காயின் தோல் பிளந்தது. ரோஸ் சாயமும் பப்பாளிப் பாலும் கலந்து நூல்நூலாக வடிந்தன. தினமும் புண்ணுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ் அவள். அந்த நிறம் அவளுக்குப் புதிதில்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்படும் முகம்தான் புதிது.

சிரித்தால் ரெஜினுக்குக் கன்னத்தில் குழி விழும். பெண் பார்க்க வந்த அன்று அதைப் பார்த்துத்தான் அவள் சரி என்று தலையாட்டினாள்.

நாய் செத்துப்போகாதா என்று கேட்டாள்.

"நாயா? நாய எதுக்குச் சுடணும்? சோறு கெடைக்கலன்னா அது தன்னால போவும்." அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "சோறு வைக்கா பாரு, அவளுக்க கால்லதான். சல்வாருக்குள்ள தழும்பு கெடந்தா யாரு பாக்கப் போறா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பப்பாளியை அவிழ்த்து அவள் கையில் வைத்தான். அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பொரிக்கலாம் என்றான். பசிக்கிறது என்றான்.

காய் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. அதை அப்படியே குப்பைக் கூடையில் போட்டாள். சோப்புப் போட்டுக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். சாயம் போய்விட்டது. பிசுபிசுப்பு போன மாதிரி இல்லை.

மாற்றாத யூனிஃபார்மோடு நான்காம் மாடியிலிருந்து படியிறங்கினாள். இறங்கும்போதே ஒரு பொய்யைத் தயார் செய்தாள். பின் கேட்டில் பாம்பைப் பார்த்தார்களாம், கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று சொல்லலாம். அக்காவும் தப்பிப்பார், புருஷன் பெயரும் கெடாது. அந்த வால்வை அவன் வேலைக்குப் போனதும் எங்காவது எறிந்துவிடலாம்.

கேட்டருகே அருக்காணி குந்தி உட்கார்ந்து காகிதத் தட்டுகளில் சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். ஹெலன் பாம்புக் கதையைச் சொன்னாள். குரல் அவளுக்கே கேவலமாகக் கேட்டது.

அருக்காணி சிரித்தார். பாம்பு எல்லாம் எங்கள் ஊரில் பார்க்காததா என்று சொல்லிக்கொண்டே எழுந்து நின்றார்.

அவருடைய வெள்ளை சல்வாரில், கெண்டைக்காலுக்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரோஸ் கறை. துவைத்து வெளுத்துப்போன கறை.

ஹெலனின் பார்வை போன இடத்தை அவரும் குனிந்து பார்த்தார்.

"இதுவா? முந்தாநேத்துப் பொழுதோட எவனோ ஹோலிக்கு மிச்சம் வெச்ச சாயத்தண்ணி பலூன மேலருந்து கடாசிட்டான் கண்ணு. ஒண்ணும் வலிக்கல."

நான்காம் மாடியில் பால்கனிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. எந்த வீட்டுக் கதவு என்று ஹெலன் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டெட்டு நகர்ந்து, மாடிக்கு முதுகைக் காட்டி, அருக்காணியை முழுதாக மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அது பலூன் இல்ல."