நாலாம் நம்பர் கல்

“முதல்ல இதைச் சொல்லுங்கம்மா. நீங்க செடி வைக்கப்போற இடம் கண்மாய்க்கு உள்ளயா, வெளியயா?”

கிருபாபாய் முழித்தாள். மூணு மாசமாக இதே கேள்விதான். கேட்பவர் கண்மாய் ஆபீஸ் அதிகாரி ரத்தினம்.

“தெரியலையே சார். எங்க வீட்டுக்குப் பின்னாடி, தண்ணி ஓரம். போன ஐப்பசி மழையில அம்புட்டு மண்ணும் சரிஞ்சு போச்சு. இந்த வருசமும் சரிஞ்சா அடுப்படிச் சுவரு நிக்காது. வெட்டிவேரும் நாலு அரளியும் வச்சா மண்ணைப் பிடிச்சுக்கிடும்.”

“உள்ளேன்னா நான் அனுமதி தரணும். வெளியேன்னா பஞ்சாயத்து தரணும்.”

“பஞ்சாயத்துல அது உள்ளேன்னு சொல்லுதாக சார்.”

“அவங்களுக்கு என்ன தெரியும்? அது வெளியே.”

“அப்ப அதை எழுதித் தாங்க.”

“எழுதணும்னா எல்லைக் கல்லு வேணும். நாலாம் நம்பர் கல்லைக் காணோம். கல்லைக் காட்டுங்க, எழுதுறேன்.”

நல்ல கூத்து! ஆபீஸ் தொலைத்த கல்லுக்கு அவள் எங்கே போவாள்?

கேட்காமலே நட்டுவிடலாம்தான். பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் அப்படித்தான் நட்டாள். மறுநாளே ரத்தினம் ஆள் விட்டு அத்தனையையும் பிடுங்கிப் போட்டுவிட்டார். “அனுமதியில்லாம கண்மாய்க்குள்ள ஒரு புல்லு நடக்கூடாது, சட்டம்னா சட்டம்” என்று தெருவில் நின்று சத்தம் வேறு போட்டார். அப்போது மட்டும் அது உள்ளே என்று எப்படித் தெரிந்ததோ!

கிருபாபாய் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ்ஸில் அலைந்தாள். எழுதாத மனு இல்லை. பார்க்காத ஆபீஸ் இல்லை. புரட்டாசி முடியப்போகிற நேரத்தில், ஒருவழியாக சர்வேயர் பால்ச்சாமி சங்கிலியும் பழைய வரைபடமுமாக வந்து சேர்ந்தார். மேற்கே மலையில் மழை இருட்டிக்கொண்டு நின்றது.

மூணாம் நம்பர் கல்லிலிருந்து சங்கிலி பிடித்தார்கள். அது கிருபாபாய் வீட்டுப் பின்சுவரை உரசிக்கொண்டு போனது. இன்னும் நாலு வீடு தாண்டியது. கடைசியில் கண்மாய் ஆபீஸ் வாசலுக்கே போய் நின்றது.

பால்ச்சாமி கடப்பாரையால் குத்தச் சொன்னார். இரண்டடி ஆழத்தில் ணங் என்று சத்தம். நாலாம் நம்பர் கல்!

மண்ணைத் தள்ளி, கல்லைத் தூக்கி நிறுத்தினார்கள்.

“உங்க வீடு வெளிய. செடி வைக்கிற இடம் கண்மாய்க்கு உள்ளேம்மா” என்றார் பால்ச்சாமி.

கிருபாபாய் கல்லைப் பார்த்தாள். கல்லுக்கு இந்தப் பக்கம் ரோடு. அந்தப் பக்கம் ஆபீஸ், அதற்குப் பின்னால் தண்ணீர்.

“அப்ப இந்த ஆபீசு?”

பால்ச்சாமி அவசரமாக வரைபடத்தைச் சுருட்டினார். “நான் உங்க செடிக்குத்தாம்மா அளக்க வந்தேன்.”

“அம்மா, உள்ள வாங்க. உக்காருங்க.” ரத்தினம்தான் கூப்பிட்டார். மூணு மாசத்தில் இன்றைக்குத்தான் அவளுக்கு நாற்காலி கிடைத்தது. பத்தே நிமிடத்தில் டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து அனுமதிக் கடிதத்தை நீட்டினார்.

கிருபாபாய்க்கு அழுகையே வந்துவிட்டது. மழைக்கு முந்தி நட்டுவிடலாம், சுவர் தப்பித்தது. ஆனால் மனுஷன் எப்படி ஒரே நாளில் இப்படி மாறினார் என்றுதான் பிடிபடவில்லை.

“ஒரு சின்ன உதவிம்மா.” ரத்தினம் குரலைத் தாழ்த்தினார். “மிச்சச் செடி இருந்தா அந்தக் கல்லைச் சுத்தி நல்லா அடர்த்தியா வச்சு விட்டுருங்க. கல்லு வெளிய தெரியாம இருந்தா வாசலுக்கு அழகா இருக்கும்.”

“அதுக்கென்ன சார், இன்னைக்கே வச்சிருதேன்” என்று எழுந்தவள், குழப்பத்தோடு நின்றாள். “ஆனா சார், கண்மாய்க்குள்ள ஆபீசே கட்டியிருக்கீகளே, அதுக்கு அனுமதி குடுத்தவுக யாருன்னு சொல்லுங்க. கல்லை மறைக்கவும் அவுககிட்டயே ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்திருதேன்.”