கிழக்கே பொங்கிய பால்

"இன்னும் அரைச் சுத்து... போதும் போதும், நிறுத்துங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் ராசாத்தி.

டிரெய்லரின் மேற்கு மூலையில் குந்தியிருந்த பிச்சமுத்து ஜாக்கியின் கைப்பிடியை விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். தரைப்பலகையில் வைத்திருந்த ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவில் நின்றது.

"பாத்தியா? நூல் பிசகல!" என்று மீசையைத் தடவிக்கொண்டான்.

பாலக்கரையில் ஒர்க் ஷாப் வைத்திருந்த அவன், ராணுவம் ஏலத்தில் விட்ட பழைய டிரெய்லரைப் பிடித்து, ஒரு வருஷம் ராப்பகலாகத் தட்டிக் கொட்டி, கூரை, ஜன்னல், கட்டில் எல்லாம் வைத்துச் சக்கர வீடாக்கியிருந்தான். காணும் பொங்கலன்று முக்கொம்புக்கு அதை ஜீப்பில் இழுத்து வந்தவன் அவன் சிநேகிதன் ஹபீபுல்லா. சுற்றுப்பட்டுக் கூட்டமெல்லாம் புளிசாதத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க, பிச்சமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா வேலம்மாள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வீடுன்னா மண்ணுல நிக்கணும். சக்கரத்துல நிக்கிறது வண்டி. அதுல மூட்டை படுக்கும், மனுஷன் படுப்பானா?"

கிளம்பும்போதே தெருவே கேட்க அவள் சொல்லிவிட்டாள். உள்ளே பால் காய்ச்ச வேண்டும். பால் கிழக்கே பொங்கினால் ராத்திரி அதிலேயே படுப்பாள். வேறு பக்கம் பொங்கினால், நாளைக்கே டிரெய்லரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும். சொன்ன சொல்லை வேலம்மாள் மாற்றிக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. பிச்சமுத்துவும் ரோஷத்தில் சரி என்று தலையாட்டித் தொலைத்திருந்தான்.

"ஏங்க," என்று ராசாத்தி அவன் காதருகே வந்தாள். "மேற்கு ஜாக்கியை லேசா ஏத்தி விட்டுட்டா, பால் தானா கிழக்கே வழிஞ்சிடுமே?"

"வாயை மூடு! என் வேலையில கள்ளத்தனம் கிடையாது. மட்டம்னா மட்டம்தான். வழியறது சாமி விட்ட வழி."

அவன் சொன்னது எட்டூருக்குக் கேட்டது.

வேலம்மாள் முனகிக்கொண்டே உள்ளே ஏறினாள். "ஜன்னலு என்னடா இத்துனூண்டு..." என்றாள். ஆனால் அந்த இத்துனூண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. வெளியே காவிரி வெயிலில் மின்னியபடி போய்க்கொண்டிருந்தது.

"ஏம்மா, இதுல ராமேஸ்வரம் வரைக்கும் போலாம். ராத்திரி எங்க நிறுத்தினாலும் நம்ம வீடுதான்," என்றான் மகன்.

"முதல்ல பால் பொங்கட்டும். போய்த் தண்ணி கொண்டாங்க. நானும் ஆத்துல காலைக் கழுவிட்டு வரேன்."

மூன்று பேரும் குடங்களோடு போனார்கள். திரும்பி வந்தபோது வேலம்மாள் ஈரக்காலோடு வாசலில் நின்று, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஸ்டவ்வைப் பற்ற வைத்தார்கள். பால் நுரைத்து மேலே வந்தது. ராசாத்தி கண்ணை மூடிக்கொண்டாள். பிச்சமுத்துவின் ஒரு வருஷ உழைப்பு அந்தப் பானையின் விளிம்பில் நின்றது.

"கிழக்கே! கிழக்கேதான் பொங்குது!" என்று வாசலிலிருந்து ஹபீபுல்லா குதித்தான்.

வேலம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுருக்குப்பையைத் திறந்து மகன் நெற்றியில் திருநீற்றை அழுத்தப் பூசினாள். "என் புள்ள கட்டின வீடுடா இது! எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க!" என்று வெளியே நின்ற கூட்டத்துக்கும் சேர்த்துச் சொன்னாள். பிச்சமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் ராசாத்தி அரிக்கேன் விளக்கை ஏற்றினாள். சக்கரத்தில் நசுக்கியது போக மீந்திருந்த எலுமிச்சம்பழம் ஒன்று அவள் கையிலிருந்து தவறித் தரையில் விழுந்தது. விழுந்த பழம் நிற்காமல் உருண்டு, கிழக்குச் சுவரில் போய் முட்டியது.

பிச்சமுத்துவின் முகம் மாறியது. பழத்தை எடுத்து மறுபடி வைத்தான். மறுபடியும் கிழக்கே ஓடியது.

மனைவியை வெளியே இழுத்து வந்தான். "வேணாம்னு சொல்லியும் ஜாக்கியைத் தொட்டுட்டியா?"

"சத்தியமா இல்லீங்க! நான் உங்க கூடத்தானே தண்ணிக்கு வந்தேன்?"

"டேய் பிச்சை!" உள்ளே கட்டிலில் காலை நீட்டிக்கொண்ட வேலம்மாளின் குரல் கேட்டது. "ராமேஸ்வரத்துக்கு என்னிக்குடா கிளம்புறோம்?"

ராசாத்தி விளக்கைப் புருஷன் முகத்துக்கு நேரே தூக்கினாள்.

"ஏங்க, திருநீற்றுக்கு நடுவுல என்ன இது, கருப்பா?"

பிச்சமுத்து விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தான். காலையில் ஜாக்கிக்கு அவன் தடவிய கிரீஸ்.