நாலாவது ஆள்

ஆப் ஸ்டோர் எங்கள் விளையாட்டை நாலாவது தடவையாகத் திருப்பி அனுப்பியிருந்தது.

அது காசு வைத்து ஆடும் முன்னூற்றிநாலு, நாலு பேர் இரண்டு பக்கமாக ஆடுகிற சீட்டாட்டம். லண்டனில் இருக்கும் எங்கள் ஆட்கள் ஆடுவார்கள் என்று நம்பி, ஸ்காபரோவில் ஒரு பல்வைத்தியரின் கிளினிக்குக்கு மேலே இருந்த சின்னக் கம்பனியில் அதைச் செய்துகொண்டிருந்தோம்.

சூது என்றால் ஆயிரம் நிபந்தனைகள். உரிமத்தைக் காட்டு என்றார்கள், காட்டினோம். உரிமம் இல்லாத நாட்டில் திறக்கக்கூடாது என்றார்கள், பூட்டினோம். பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் நுழையாதபடி செய்தோம்.

இப்போது கேட்டது, சோதனைக்கு ஆடுகிற நாலு பேருடைய அடையாள அட்டைகள். நாலு பேரும் உண்மையான ஆட்கள், சொந்தப் பெயரில் ஆடுகிறவர்கள் என்று காட்ட வேண்டும்.

சோதனை நடந்தது எங்கள் மல்வேர்ன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான். அந்த 2009ஆம் ஆண்டு சித்திரை தொடங்கியதிலிருந்து அப்பாவும் பத்மநாதன் அங்கிளும் அலெக்ஸாண்டர் அங்கிளும் சனிக்கிழமைகளில் கம்பனி கொடுத்த போன்களோடு உட்கார்ந்துவிடுவார்கள்.

நாலாவது கணக்கு பேனாட் என்ற பெயரில் இருந்தது.

பேனாட் மாமா அம்மாவின் தம்பி. சமாதான காலத்தில் வன்னிக்குத் திரும்பிப் போய், தண்ணீர்ப் பம்ப் திருத்தும் கடை போட்டவர். தை மாதம் சண்டை நெருங்கிய பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அந்தக் கணக்கைத் திறக்கச் சொன்னது அப்பா. மாமாவின் ஆட்டத்தையும் தானே ஆடுவதாகச் சொல்லியிருந்தார். நானும் நம்பியிருந்தேன்.

வைகாசி நடுவில் ஒரு சனிக்கிழமை. மூவருடைய ட்ரைவிங் லைசென்ஸையும் வாங்கிப் படமெடுத்தேன். பேனாட் கணக்கை அழிக்கப்போகிறேன் என்றேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பத்மநாதன் அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேல போய் அம்மாவைக் கேள், ஏஞ்சலா," என்றார் அப்பா.

அம்மா கட்டில் விளிம்பில் இருந்தார். கையில் நான் கழித்துவிட்ட பழைய போன். திரையில் கீழே நடக்கிற அதே ஆட்டம். அவருடைய முறை வந்திருந்தது.

அம்மா சீட்டைத் தொட்டு நான் கண்டதில்லை.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் நாங்கள் இருந்தது ஒற்றை அறை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சூட்கேஸைப் படுக்கவைத்து நாலு ஆண்களும் சுற்றி இருப்பார்கள். அப்பாவும் மாமாவும் எப்போதும் ஒரு பக்கம். ஹீற்றர் தடதடக்கும். வெளியே தண்டவாளத்தில் ஸ்றீற்கார் போனால் தேநீர்க் கோப்பைகள் நடுங்கும். விடியப் பாத்திரம் கழுவப் போகவேண்டியவர்கள் என்று யாரும் சொல்லமுடியாது, அப்படிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டபடி, குவித்துக் கிடந்த கோட்டுகளுக்கு மேல் நான் நித்திரையாகிவிடுவேன்.

கட்டிலில் இருந்தபடி அம்மா சொன்ன கதை எனக்குப் புதிது. அவர் மாமாவுக்குப் பின்னால் நிற்பாராம். எதைப் போடுவதென்று மாமா தடுமாறினால், தேநீர் கொடுக்கிற சாட்டில் முதுகில் விரலால் தட்டுவாராம். ஒரு தட்டு என்றால், மற்றச் சீட்டுகளை வெட்டும் துரும்பு. அப்பாவுக்கு இன்றைக்கும் அது தெரியாது.

ஏன் ஒளித்திருந்து ஆடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் விளையாடாட்டி, அவன்ர இடத்துக்கு வேற ஆளைக் கொண்டுவந்திடுவினம்."

கணக்கை அவருடைய பெயருக்கு மாற்றலாமா என்றேன். மறுத்துவிட்டார். தம்பி வந்து தன் லைசென்ஸைத் தானே காட்டுவான், அதுவரை உன் கடைக்காரர் பொறுக்கட்டும் என்றார்.

செவ்வாய் காலைக்குள் நாலு அட்டையையும் அனுப்பாவிட்டால் கம்பனியை மூடவேண்டி வரும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதை அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை விடுமுறை. யுத்தம் முடிந்துவிட்டது என்று எல்லாத் தொலைக்காட்சிகளும் சொல்லிக்கொண்டிருந்தன. விடிந்ததும் அப்பாவும் நானும் யூனிவேர்சிற்றி அவெனியூவில் எங்கள் ஆட்கள் நடத்திய ஆர்ப்பாட்டத்துக்குப் போனோம். ஒரு நாளும் தவறாமல் வந்த அம்மா, அன்று முழங்கால் நோகிறது என்று நின்றுவிட்டார்.

பின்னேரம் திரும்பும்போது அங்கிள்மார் இருவரும் எங்களோடு கூடவே வந்தார்கள். தங்கள் வீட்டுக்குப் போக அவர்களுக்கு மனமில்லை. மேசையைச் சுற்றி இருந்தோம்.

அம்மா படியிறங்கி வந்தார். தலை வாரி, கோயிலுக்கு உடுக்கிற சேலை உடுத்தியிருந்தார். நாலாவது கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, தன் லைசென்ஸை எனக்கு முன்னால் வைத்தார்.

"என்ர பேரைப் போடு."

என் வேலைக்காக இறங்கி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பேனாட் என்பதை அழித்து அருள்மலர் என்று அடித்தேன்.

ஒரு ஆட்டம் போடுவோம் என்று அம்மாவே சொன்னார். இன்றைக்கா என்று கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை. கடமைக்குப் போனைத் தொட்டவர்கள், இரண்டு பிடி போனதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அம்மா துரும்பைக் கடைசிவரை விடவில்லை. கடைசிப் பிடியும் அவருக்கே போனது.

அப்பா மேசையில் தட்டிச் சிரித்துவிட்டார். தம்பியை விட அக்கா கெட்டிக்காரி, அவன் வரட்டும், சொல்கிறேன் என்றார் அலெக்ஸாண்டர் அங்கிள்.

அம்மாவும் சிரித்தார். எல்லோரும் சிரித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, காலையில் வவுனியாவிலிருந்து மாமாவின் பங்குப் பாதர் போனில் கதைத்தவர் என்று சொன்னார்.

மாமா பங்குனியிலேயே போய்விட்டாராம்.