மறுபடி புதைத்த கிழங்கு

"அக்கா, அதை மறுபடி உள்ள வெச்சு மூடிடுங்க."

தோட்டக்காரி நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து குத்துக்காலிட்டு, ஒரு முழம் தள்ளிச் சுற்றிலும் மண்ணைப் பறித்து, கடைசியில் விரலால் நோண்டி, அந்த டேலியாப் பூச்செடியின் கிழங்குக் கொத்தை அப்போதுதான் தண்டோடு முழுசாக வெளியே எடுத்திருந்தாள்.

"எதைம்மா?"

"கிழங்கைத்தான். மாமா தோண்டற மாதிரி வீடியோ எடுக்கணும்ல."

மருமகள் கையில் கைபேசி. அவளுக்குப் பின்னால் மாமனார், அந்த வீட்டுக்காரர், புதுக் கையுறையோடு நின்றார். கையுறையில் விலைச்சீட்டு ஆடியது.

பனி விழத் தொடங்கியதும் கிழங்குகளை எடுத்து அடுத்த நடவு வரை பத்திரப்படுத்த வேண்டும்; மற்ற பாத்திகளைப் போன வாரமே தோண்டி முடித்தாயிற்று. இது ஒன்றுதான் பாக்கி. உலகத்தில் இந்த ரகச் செடியே இது ஒன்றுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் குழாயடியில் தானாக முளைத்தது. களையென்று பிடுங்கச் சொன்னார் வீட்டுக்காரர். அவள் பிடுங்கவில்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஆறும்போது ஒரு சிவப்பு வருமே, அந்த நிறத்தில் பூத்தது. கண்காட்சியில் முதல் பரிசு. பூவுக்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டார் வீட்டுக்காரர்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கிழங்குக் கொத்தைப் பிரிக்கும்போது ஒரு துண்டு. தன் வாசலில் ஒரு தகர டப்பாவில் வைத்து வளர்க்க.

அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று இந்த வருஷம் வந்திருந்தது.

குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோலக் கொத்தைக் குழிக்குள் இறக்கி மண்ணைத் தள்ளி அமுக்கினாள்.

"மாமா, ரொம்பச் சுத்தமா இருக்கீங்க. நெத்தியில கொஞ்சம் மண்ணப் பூசிக்கோங்க."

பூசிக்கொண்டார். செடிக்குத் தண்ணீர் அடிக்கும் தெளிப்பானால் மருமகள் அவர் முகத்தில் இரண்டு தடவை அடித்தாள். வியர்வை தயார்.

"மண்ணைத் தொடாத நாளெல்லாம் எனக்கு ஒரு நாளே இல்லை," என்றார் அவர் கைபேசியைப் பார்த்து. பிறகு செடியின் தண்டை இரண்டு கையாலும் பிடித்தார்.

"ஐயா, தண்டப் புடிச்சு இழுக்காதீங்க! கழுத்து ஒடிஞ்சிடும். அடியில கை குடுத்து..."

"அக்கா, உங்க நிழல் விழுது. தள்ளிப் போங்க."

மளுக்.

தண்டு அவரோடு வந்தது. கிழங்குகள் மண்ணோடு நின்றுவிட்டன. அவர் பின்பக்கமாக உட்காரப் போய்ச் சமாளித்துக்கொண்டார்.

"சூப்பர் மாமா! அசல் விவசாயி மாதிரியே இருந்துச்சு."

தோட்டக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் மலைத்துப்போய் நிற்பதாக நினைத்து மருமகள் அதையும் படம் எடுத்தாள்.

தண்டை ஓரமாக வீசிவிட்டு, கிழங்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ஒன்பது. ஒவ்வொன்றும் மணிக்கட்டுப் பருமன். இருப்பதிலேயே பெரியதைத் தூக்கிப் பிடித்தார்.

"இது எங்க தோட்டக்காரம்மாவுக்கு! உழைச்சவங்களுக்குத்தான் முதல் மரியாதை."

"வாங்கும்போது கேமராவப் பாருங்க அக்கா. சிரிங்க. இல்ல, பத்தல. மாமா, திரும்ப வாங்கிட்டு இன்னொரு தடவை குடுங்க."

திரும்ப வாங்கினார். இன்னொரு தடவை கொடுத்தார். அவள் சிரித்தாள்.

மீதி எட்டும் மரத்தூள் நிரப்பிய பெட்டிக்குள் போயின. மேலே அவர் பெயர் எழுதிய சீட்டு. மாடிப்படிக்கு அடியில் அவற்றுக்கென்றே இருட்டறை. அதற்குள் ஒரு வெப்பமானி. வேலைக்காரர்கள் சாப்பிட உட்கார ஓர் இடம் கேட்டபோது அந்த வீட்டில் இடமில்லாமல் இருந்தது.

"முக்கியமான விஷயம், நேயர்களே," என்று அவர் விரலை உயர்த்தினார். "பழைய தண்டை உடனே எரிச்சிடணும். விட்டா நோய் பரவும்." தீப்பெட்டியைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார்.

தோட்டக்காரி சட்டென்று குறுக்கே வந்தாள். "இங்க வேணாம் ஐயா. கொடியில துணி காயுது, நாறிப்போயிடும். மதிலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நானே கொளுத்திடறேன்."

"ஆமா மாமா, புகையில உங்க முகமே தெரியாது."

அது போதுமான காரணமாக இருந்தது. தீப்பெட்டியை அவளிடம் கொடுத்தார்.

மதிலுக்கு வெளியே வந்து அவள் தண்டைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் ஒட்டியிருந்த மண்கட்டியைக் கட்டைவிரலால் தேய்த்து உதிர்த்தாள்.

டேலியாவின் கிழங்கு எவ்வளவு பருத்திருந்தாலும் தானாக முளைக்காது. முளை கிளம்புகிற கண்கள் இருப்பது தண்டும் கிழங்கும் சேருகிற கழுத்தில். அந்தக் கழுத்து முழுசாகத் தண்டோடு வந்திருந்தது. மிளகளவில் நான்கு கண்கள். கீழே சுண்டுவிரல் போல ஒரு கிழங்கு பிடிப்பு விடாமல் தொங்கியது.

பெட்டிக்குள் இருந்த எட்டும், அவளுக்கு முதல் மரியாதையாக வந்த ஒன்றும், வெறும் கிழங்கு. வேகவைத்துத் தின்னலாம்.

அங்கே கிடந்த ஒரு சாக்கைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து விரித்தாள். தண்டை அதில் வைத்துச் சுற்றினாள்.

"ஒண்ணு விடாம எரிச்சியாம்மா?" மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து வீட்டுக்காரர் கேட்டார்.

"எரியுதுங்க ஐயா."

"புகையே காணோமே?"

"பனியில காஞ்ச தண்டுங்க," என்றாள் அவள், முடிச்சை இறுக்கிக்கொண்டே. "அதுல புகை வராது."