பக்கத்து இடம்

"மாரிசெல்விய எம்மகன் பக்கத்துல இருந்து மாத்தணும் டீச்சர்."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே குல்சார் பேகம் சொல்லிவிட்டாள்.

தலைமையாசிரியை லட்சுமிகாந்தம் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். இப்படிக் கேட்டுக்கொண்டு ஒரு நாள் யாராவது வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனால், பெருநாளுக்கு வகுப்பு முழுவதற்கும் சேமியாப் பாயசம் கொடுத்து அனுப்பிய குல்சார் பேகமே வந்து நிற்பாள் என்று நினைக்கவில்லை.

சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகும் சாலையில் இருந்தது அந்த அரசுத் தொடக்கப்பள்ளி. பிள்ளைகளில் பாதிப்பேர் பஜாரில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மீதிப்பேருடைய அப்பா அம்மா பட்டாசுக் கம்பெனிக்கோ தீப்பெட்டிக் கம்பெனிக்கோ வேலைக்குப் போகிறவர்கள். லட்சுமிகாந்தம் இங்கே மாற்றலாகி வந்தபோது வகுப்புகளும் அப்படியே இரண்டாகப் பிரிந்து கிடந்தன. முன் பெஞ்சுகளில் கடைக்காரர் பிள்ளைகள், பின் பெஞ்சுகளில் தொழிலாளர் பிள்ளைகள். மதிப்பெண்ணும் அதே வரிசையில்தான் இறங்கியது.

2006 ஜூனில் அவர் நாலாம் வகுப்பைக் கலைத்துப் போட்டார். ஒரு கடைக்காரர் பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு தொழிலாளி பிள்ளை. சில வீடுகளில் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அரையாண்டுத் தேர்வில் பலன் தெரிந்தது. அதிலும் மாரிசெல்வி, கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதச் சொன்னால்கூடத் தப்பும் தவறுமாக எழுதியவள், குல்சார் பேகத்தின் மகன் பைசலின் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள். சூலக்கரையில் நடந்த தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் லட்சுமிகாந்தம் எழுந்து நின்று பெருமையாகச் சொன்னது அவளைப் பற்றித்தான்.

"எதுக்கு மாத்தணும்?" என்றார் இப்போது.

"காரணத்த மட்டும் கேக்காதீக."

"பைசல் கேட்டானா?"

"இல்ல. அவன் மாத்தக் கூடாதுன்னு நேத்திலிருந்து அழுறான். நாந்தான் மாத்தச் சொல்றேன்."

லட்சுமிகாந்தத்துக்கு முகம் சிவந்தது. "அப்ப காரணத்த நானே சொல்லவா? அவ அம்மா பட்டாசு மருந்துப்பொடி ஒட்டுன சேலையோட வந்து பிள்ளைய விட்டுட்டுப் போறா. பிள்ளை சட்டையிலயும் அந்த வாடை அடிக்குது. அதான?"

"அப்படி நெனைக்காதீக டீச்சர். அவ அம்மா சின்னத்தாய் எனக்குத் தெரியாத ஆளா? நேத்து சாயங்காலம்கூட அவ வீட்டுக்குப் போயிப் பேசிட்டுத்தான் வந்தேன். அவளும் சரின்னுட்டா."

"அங்கேயும் போயாச்சா?" அவருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் மிஞ்சியது. "பாவம், அவ எதுக்குத்தான் சரின்னு சொல்ல மாட்டா? இங்க பாருங்கம்மா, இன்னைக்கு ஒரு பிள்ளைய மாத்துனா, நாளைக்கு ஒவ்வொருத்தரா வந்து நிப்பாங்க. வகுப்பு பழையபடி ரெண்டாப் போயிரும். உங்க மகனுக்கு அவளால என்ன நஷ்டம்? அவன் மார்க்கு ஒண்ணும் குறையலையே."

"மார்க்குக்காக வரல. வகுப்புல ஓயாமப் பேசுறான்னு போன வாரம் நீங்க அவன வெளிய நிப்பாட்டுனீகளே?"

"நிப்பாட்டுனேன். நான் பாடம் நடத்துறப்ப முணுமுணுன்னு பேசிக்கிட்டே இருந்தா என்ன செய்ய? அதுக்கு அந்தப் பிள்ளை என்ன பண்ணும்?"

"அவ பக்கத்துல இருக்க வரைக்கும் அவன் பேசத்தான் செய்வான் டீச்சர்."

லட்சுமிகாந்தம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முடியாது என்று சொல்லிவிடலாம். ஆனால் நாளைக்கே பைசலை மெட்ரிக் பள்ளியில் சேர்த்துவிடுவார்கள். பாத்திரக்கடை வைத்திருக்கும் அவன் அப்பா நிஜாமே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால், அதைப் பார்த்துப் பஜார் பிள்ளைகள் எல்லோரும் போவார்கள். அப்புறம் யாரை யார் பக்கத்தில் உட்காரவைப்பது? ஒரு பெண்ணுக்காகப் பிடிவாதம் பிடித்து, மற்றப் பிள்ளைகளின் இடத்தையும் கெடுத்துவிடக் கூடாது என்று தோன்றியது.

"உங்க முடிவுல மாத்தம் இல்லையா?"

"இல்ல டீச்சர்."

"சரி. இன்னைக்கே மாத்திடுறேன்." அவர் குரல் தளர்ந்திருந்தது. "மாரிசெல்வி பழையபடி கடைசிப் பெஞ்சுக்கே போகட்டும்."

குல்சார் பேகம் பதறி எழுந்தாள். "கடைசிப் பெஞ்சுக்கா? அய்யோ, அங்கன வேணாம். மொதப் பெஞ்சுல போடுங்க. போர்டுக்கு எம்புட்டுப் பக்கமா முடியுமோ அம்புட்டுப் பக்கமா."

"மொதப் பெஞ்சுலயா?" லட்சுமிகாந்தத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன்?"

குல்சார் பேகம் தயங்கினாள். வாசலில் பிள்ளைகள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"டீச்சர்கிட்ட மட்டும் சொல்லிராதன்னு பைசல் சத்தியம் வாங்கியிருக்கான். இனி சொல்லாம முடியாது. அந்தப் பிள்ளைக்குக் கண்ணு சரியில்ல டீச்சர். கிட்ட வச்சா நல்லா வாசிக்கிறா, தூரத்துல எழுத்தே தெரியல. நீங்க தெரிஞ்சுக்கிட்டா பள்ளிக்கூடத்த விட்டு அனுப்பிருவீக, அப்புறம் தீப்பெட்டி ஒட்டத்தான் போகணும்னு பயந்து எம்மகன்கிட்ட மட்டும் சொல்லியிருக்கா. சனிக்கெழமை நானும் சின்னத்தாயும் மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். கண்ணாடி வார வரைக்குமாவது அவ முன்னால உக்காந்து தானா வாசிக்கட்டும்."

அவள் குரல் இன்னும் தணிந்தது.

"இம்புட்டு நாளும் நீங்க போர்டுல எழுதுன ஒவ்வொரு வரியவும் அவ காதாலதான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. எம்மகன்தான் வாய்க்குள்ளயே வாசிச்சு வாசிச்சு அவளுக்குச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கான்."